பெஸ்ஸியர் எந்த மலையைச் சேர்ந்தவர்கள்?

பழைய திரேஸ் நாட்டுக்கு, அதாவது இன்றைய பல்கேரியாவும் அதை ஒட்டிய கிரேக்க, துருக்கிப் பகுதிகளும் சேர்ந்த நாட்டுக்கு, ஒரு வரைபடம் வரைகிறீர்கள், அதில் திரேசிய மலைமக்களான ‘பெஸ்ஸியர்’ என்ற பெயரை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு புத்தகம் ரோடோப் மலையில் எழுதியிருக்கிறது, இன்னொன்று ஹேமஸ் மலையில், மூன்றாவது ஏஜியன் கடலை ஒட்டிய பாங்கையோன் பக்கம். இதில் எது சரி என்பது நீங்கள் கேட்டது. நீங்கள் உண்மையில் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இரண்டு விஷயங்களில் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து மலைப் பெயர்கள் இன்றைய மலைகளோடு அப்படியே பொருந்துவதில்லை என்பது ஒன்று. எந்த நூற்றாண்டுப் பெஸ்ஸியரைப் பற்றிக் கேட்கிறோம் என்பது இன்னொன்று. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று புத்தகங்களுக்கும் இடையிலான சண்டை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கிரேக்க, லத்தீன் நிலவியல் நூல்களைப் பல வருடங்கள் மாணவர்களோடு வரி வரியாகப் படித்த பழக்கத்தில் எழுதுகிறேன். நான் அகழாய்வாளன் இல்லை. மண்ணுக்குள் கிடைத்தவற்றைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அதைத் தோண்டியவர்கள் எழுதியதை நம்பித்தான்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய பல்கேரியாவின் தென்மேற்கில் மூன்று மலைத்தொகுதிகள் தோளோடு தோள் முட்டி நிற்கின்றன. வடக்கில் ரிலா. அதன் முசாலா சிகரம் 2,925 மீட்டர், பால்கன் தீபகற்பம் முழுவதிலும் அதுதான் உயரமானது. தெற்கில் பிரின், அதன் விஹ்ரென் சிகரம் 2,914 மீட்டர். கிழக்கே நீண்டு படுத்திருப்பது ரோடோப். அது அவ்வளவு உயரமில்லை, 2,191 மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஆனால் பரப்பில் மற்ற இரண்டையும் விடப் பெரியது. மேற்கு ரோடோப் முழுக்க ஊசியிலைக் காடு, நடுநடுவே மலைக்குள் ஒளிந்திருக்கும் சமவெளிக் கிண்ணங்கள். பிரினுக்கும் ரோடோப்புக்கும் நடுவே மெஸ்டா ஆறு தெற்கே இறங்கி ஏஜியன் கடலுக்குப் போகிறது. கிரேக்கர்கள் அதை நெஸ்டோஸ் என்றார்கள். முசாலாவுக்குக் கீழே உள்ள ஏரிகளில் பிறக்கும் மரிட்சா கிழக்கே திரும்பி பெரிய சமவெளிக்குள் நுழைகிறது. பழைய ஹெப்ரோஸ் அதுதான். அதே ரிலாவில் பிறக்கும் இஸ்கார் வடக்கே ஓடி, பால்கன் மலையையே அறுத்துக்கொண்டு டான்யூபில் கலக்கிறது. மேற்கில் ஸ்ட்ரூமா, அதாவது ஸ்ட்ரைமோன், விடோஷா மலையிலிருந்து வருகிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை அப்போதே கவனித்து எழுதியிருக்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது. டான்யூபுக்குப் போகும் ஆறும், நெஸ்டோஸும், ஹெப்ரோஸும் ஒரே மலையிலிருந்து புறப்படுகின்றன, அது ஆளில்லாத பெரிய மலை, ரோடோப்பை ஒட்டியிருக்கிறது என்கிறார். கி.மு. 5ஆம் நூற்றாண்டில், அளவுக் கருவி எதுவும் இல்லாமல், ஒரு நீர்ப்பிரிமேட்டை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வரிகள் பழைய நூல்களில் அதிகம் இல்லை. அவர் சொல்லும் மலை ரிலா என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ரிலா என்ற பெயர் அவரிடம் இல்லை. பழைய எழுத்தாளர்களுக்கு இந்த மலைக்கென்று நிலையான தனிப்பெயர் இல்லாததுதான் உங்கள் புத்தகங்கள் மோதிக்கொள்வதற்கு மூல காரணம். ஒருவர் அதை ரோடோப்போடு சேர்ப்பார், இன்னொருவர் ஹேமஸோடு சேர்ப்பார்.

ஹேமஸ் என்றால் இன்று நாம் ஸ்டாரா பிளானினா எனப்படும் பால்கன் மலைத்தொடரை மட்டும் நினைக்கிறோம். ரோமானியர் காலத்தில் அந்தப் பெயர் இன்னும் அகலமானது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ரோமானிய வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ் சுக்கி கணவாயை விவரிக்கும்போது, ரோடோப்பின் உச்சிகளும் ஹேமஸின் உச்சிகளும் அங்கே வந்து பின்னிக்கொள்கின்றன, அதுதான் மேற்கேயுள்ள இல்லிரியத்தையும் திரேஸையும் பிரிக்கிறது என்கிறார். இன்று திராயான் வாயில் என்று அழைக்கப்படும் இடம் அது. சோபியாவிலிருந்து பிளோவ்டிவ் போகும் நெடுஞ்சாலை இன்றும் அதன் பக்கமாகத்தான் போகிறது. ஆக, அந்தக் காலத்து ஆட்களின் மனப்படத்தில் இரண்டு பெரிய மலைகளும் மரிட்சா சமவெளியின் மேற்கு முனையில் ஒன்று சேர்ந்தன. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற சான்றுகளைப் படியுங்கள்.

கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ சொல்வது: ஹேமஸ் மலையின் பெரும்பகுதியில் பெஸ்ஸியர் வசிக்கிறார்கள், அவர்கள் நாடு ரோடோப்பையும் பையோனியரையும் மேற்கே இல்லிரிய இனத்தவரான அவுட்டாரியாட்டரையும் டார்டானியரையும் தொடுகிறது. இன்றைய ஸ்டாரா பிளானினாவை மனதில் வைத்துப் படித்தால் இது பிதற்றலாகத் தெரியும், அந்த மலை கருங்கடல் வரை போகிறதே. மலைகள் கூடும் மேற்கு முனையிலிருந்து படித்தால் சரியாகவே வருகிறது. அதே ஸ்ட்ராபோவின் நூலில் சிதைந்து கிடைத்த ஒரு பகுதி, ஹெப்ரோஸ் ஆற்றில் மேலே போகப் போக முதலில் கோர்ப்பிலியர், பிறகு பிரேனியர், கடைசியில் பெஸ்ஸியர் என்கிறது. மேலாற்றுக்காரர்கள் என்று இதற்குப் பொருள். ரோமானிய எழுத்தாளர் பிளினி வேறு பக்கமிருந்து வருகிறார். ஸ்ட்ரைமோனின் வலக்கரையில் டென்தெலெட்டரும் மைடியரும், இடக்கரையில் நெஸ்டோஸ் வரைக்கும் ‘பெஸ்ஸியரின் பல பெயர்கள்’ என்று எழுதி, அதற்குள் டியோபெஸ்ஸியர் போன்ற சில குழுக்களைக் குறிப்பிடுகிறார். நிலவியலாளர் தாலமி, ரோமானியர் திரேஸைப் பிரித்த 14 நிர்வாகப் பகுதிகளில் ஒன்றுக்கு பெஸ்ஸிக்கே என்ற பெயர் தருகிறார். இவற்றோடு ஒரு ஊர்ப்பெயரும் சேர்கிறது. கி.பி. 333இல் போர்தோவிலிருந்து ஜெருசலேம் போன ஒரு கிறிஸ்தவ யாத்திரிகரின் வழிக்குறிப்பில், பிலிப்போபோலிஸுக்கு, அதாவது இன்றைய பிளோவ்டிவுக்கு, மேற்கே ‘பெஸ்ஸபாரா’ என்ற தங்குமிடம் வருகிறது. அது இன்றைய பசார்ஜிக் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

இவ்வளவையும் ஒரே தாளில் குறித்துப் பாருங்கள். மரிட்சாவின் மேல்பகுதி, மெஸ்டாவின் மேல்பகுதி, மேற்கு ரோடோப், ரிலாவின் கிழக்குச் சரிவு, சுக்கி கணவாயின் இரு பக்கமும் உள்ள மலைகள். ரோமானியர் வந்த காலத்துப் பெஸ்ஸியர் நாடு இதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். இதன் நடு எங்கே என்பதில் பெரிய தகராறு இல்லை. ஓரங்கள்தான் சிக்கல். உதாரணமாக, கி.மு. 72இல் ரோமானியத் தளபதி மார்க்கஸ் லுகுல்லஸ் ஹேமஸ் மலையில் பெஸ்ஸியரைத் தோற்கடித்து, அவர்கள் வசித்த உஸ்குடாமாவை ஒரே நாளில் பிடித்தார் என்று யூட்ரோபியஸ் எழுதுகிறார். உஸ்குடாமா என்பது ஹட்ரியானோபோலிஸின் பழைய பெயர் என்கிறார் அம்மியானஸ். அதுதான் இன்றைய துருக்கியின் எதிர்னே. அப்படியானால் பெஸ்ஸியர் நாடு கிழக்கே மலையை விட்டு வெகுதூரம் இறங்கிவிடும். என் கருத்தில் இந்த ஒரு வரியை நம்பி எல்லையை அங்கே இழுக்கக் கூடாது. இரு நூல்களும் நிகழ்ச்சிக்கு 400 ஆண்டுகள் பின்னால் எழுதப்பட்டவை. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்திருக்கலாம், ‘பெஸ்ஸியர்’ என்ற சொல்லை யூட்ரோபியஸ் தன் காலத்து வழக்கப்படி திரேசியர் எல்லோருக்கும் பொதுவாகவும் எழுதியிருக்கலாம்.

சரி, அப்படியென்றால் பாங்கையோன் எங்கிருந்து வந்தது? கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிடமிருந்து. கி.மு. 480இல் பாரசீக மன்னன் ஸெர்க்ஸஸின் படை கடலோரமாகப் போன பாதையைச் சொல்லும்போது, வழியிலுள்ள திரேசியரில் சாத்ரையர் மட்டும் யாருக்கும் அடிபணியாதவர்கள், தன் காலம் வரை சுதந்திரமாக இருந்தவர்கள் என்கிறார். எல்லா வகை மரங்களும் பனியும் மூடிய உயர்ந்த மலைகளில் அவர்கள் வாழ்கிறார்கள், மிக உயர்ந்த மலைகளின் மேல் மதுவின் தெய்வமான டயோனைசஸின் அருள்வாக்குத் தலத்தை வைத்திருக்கிறார்கள், அங்கே வாக்கு உரைப்பவர்கள் சாத்ரையரில் பெஸ்ஸியர், கிரேக்கரின் புகழ்பெற்ற தலமான டெல்ஃபியைப் போலவே ஒரு பெண் பூசாரி வாக்குச் சொல்கிறாள் என்பது அவர் தரும் செய்தி. அடுத்த வரியிலேயே பாங்கையோனின் தங்கம், வெள்ளிச் சுரங்கங்களைச் சொல்லி, பியேரியரும் ஓடோமாந்தியரும், எல்லோருக்கும் மேலாக சாத்ரையரும் அவற்றை வெட்டுகிறார்கள் என்கிறார். இரண்டு வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், அருள்வாக்குத் தலமும் பாங்கையோனில்தான் என்று பலர் முடிவுகட்டினார்கள். ஏதென்ஸ் நாடகம் ஒன்றில் பாக்கஸின், அதாவது டயோனைசஸின், குறிசொல்லி பாங்கையோன் பாறையில் குடியிருப்பதாக வருவதும் இவர்களுக்குத் துணை.

எனக்கு அது ஒத்துவரவில்லை. பாங்கையோன் 1,956 மீட்டர் உயரம். கடற்கரைக்கு அருகில் தனித்து நிற்கும் மலை, கிரேக்கக் குடியேற்றங்களின் கண்ணுக்கு எட்டிய மலை. ஹெரோடோட்டஸுக்கு அதன் பெயர் நன்றாகத் தெரியும். தலம் அங்கே இருந்திருந்தால் ‘மிக உயர்ந்த மலைகள்’ என்று பெயர் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். அவருக்குத் தகவல் கொடுத்தவர்கள் கடற்கரைக்காரர்கள். உள்நாட்டில், பனிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்த ஒரு தலத்தைக் கேள்விப்பட்டுச் சொல்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன். சாத்ரையர் மேலே மலையிலும் கீழே சுரங்கத்திலும் கால் வைத்திருந்தார்கள் என்றால் மெஸ்டா பள்ளத்தாக்கு அவர்களுக்கு இயல்பான பாதை. இது என் வாசிப்புதான், நிரூபணம் இல்லை.

அந்தத் தலத்தை இன்று எங்கே தேடுவது என்பதில் தான் அதிகம் சத்தம் கேட்கிறது. கிழக்கு ரோடோப்பில் கர்ஜாலி அருகே உள்ள பெர்பெரிகான்தான் அது என்று அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்து அகழாய்வு நடத்திய நிகோலாய் ஓவ்சாரோவ் சொல்லிவந்தார். சுற்றுலாப் பதாகைகளும் அதையே சொல்கின்றன. பாறையைக் குடைந்து செய்த பிரமாதமான இடம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தக் குன்று சுமார் 470 மீட்டர் உயரம்தான். காடும் பனியும் மூடிய மிக உயர்ந்த மலைகள் என்ற விவரணைக்கு அது பொருந்துவதாக என்னால் ஏற்க முடியவில்லை. பெஸ்ஸியரைப் பற்றிய மற்ற எல்லாச் சான்றும் மேற்கு ரோடோப்பைக் காட்டுகின்றன, பெர்பெரிகான் இருப்பதோ கிழக்குக் கோடியில். மேற்கு ரோடோப்பில் பாபியாக் கிராமத்துக்கு மேலே தோண்டப்பட்ட உயர்மலைத் தலம் நிலத்தளவில் இதைவிட நன்றாகப் பொருந்துகிறது. அங்கேயும் ‘இதுதான்’ என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு கல்வெட்டு கிடைக்கும்வரை எந்த இடத்தையும் பெயர் சூட்டி முடித்துவிடக் கூடாது.

பெஸ்ஸியர் என்பவர்கள் ஒரு குடியா, பூசாரிக் குலமா என்ற சந்தேகமும் இதே வரியிலிருந்து பிறப்பதுதான். ஹெரோடோட்டஸை மட்டும் வைத்துக்கொண்டால், சாத்ரையருக்குள் வாக்குரைக்கும் ஒரு குலம் என்றே தோன்றும். துசிடிடீஸ் சாத்ரையரையும் சொல்வதில்லை, பெஸ்ஸியரையும் சொல்வதில்லை. ரோடோப்பில் பெரும்பாலும் வாழும் சுதந்திரமான வாள்வீரர்களுக்கு அவர் தரும் பெயர் டியோய். அந்த வீரர்கள்தான் கி.மு. 413இல் மைக்கலெஸ்ஸஸ் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக்கூட விடாமல் வெட்டியவர்கள். அதன்பின் சாத்ரையர் வரலாற்றிலிருந்து காணாமல் போகிறார்கள், பெஸ்ஸியர் பெரிய இனமாக மேலெழுகிறார்கள். கி.மு. 183இல் மாசிடோனியாவின் ஐந்தாம் பிலிப் ஓட்ரைசியர், டென்தெலெட்டர், பெஸ்ஸியர் மூவர் மேலும் படையெடுத்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதும்போது அவர்கள் ஒரு நாடாகவே நிற்கிறார்கள். பிலிப்போபோலிஸ் மக்கள் குடும்பத்தோடு பக்கத்து மலைகளுக்கு ஓடிவிட்டார்கள் என்ற விவரமும் அங்கே வருகிறது. சமவெளியைப் பிடிப்பது எளிது, மலையைப் பிடிக்க முடியாது என்பது அந்த நாட்டின் எல்லாப் போர்களிலும் திரும்பத் திரும்ப வரும் கதை. தலத்தைக் காத்த குழுவின் பெயர் மெல்ல மெல்ல அந்த மலைக்கூட்டம் முழுவதற்கும் பரவியது என்பதே எனக்கு நியாயமாகத் தெரிகிறது. டியோபெஸ்ஸியர் என்று பிளினி சொல்லும் கலப்புப் பெயர் அதற்கு ஒரு சின்ன ஆதரவு. அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல நூல்கள் இடம் கொடுக்கவில்லை.

இதே பிலிப் கி.மு. 181இல் ஹேமஸின் உச்சிக்கு ஏறினார். அங்கே நின்றால் கருங்கடலும் ஏட்ரியாட்டிக் கடலும் டான்யூபும் ஆல்ப்ஸும் ஒருசேரத் தெரியும் என்ற பேச்சை நம்பி, ரோமோடு வரப்போகும் போருக்குத் திட்டம் போட ஏறியதாக லிவி சொல்கிறார். மைடியர் நாட்டைக் கடந்து, வெற்றுநிலங்கள் வழியாக, ஏழாம் நாள் அடிவாரம், அதிலிருந்து மூன்றாம் நாள் உச்சி. மேலே அடர்ந்த காடு, குளிர், மூடுபனி. இறங்கி வந்தவர்கள் அந்தப் பேச்சை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை என்று லிவி எழுதிவைத்திருக்கிறார். இதை உங்களுக்குச் சொல்லக் காரணம், ஸ்ட்ரூமா பள்ளத்தாக்கிலிருந்து இப்படி ஏறிப்போகும் ‘ஹேமஸ்’ இன்றைய ஸ்டாரா பிளானினாவாக இருப்பது கடினம். விடோஷா அல்லது ரிலா என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஹேமஸ் என்ற பெயர் எவ்வளவு தெற்கே நீண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

டயோனைசஸ் தலம் பெஸ்ஸியருக்கு எவ்வளவு முக்கியம் என்பது ரோமானியர் காலத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. பெஸ்ஸியரைப் போரில் வென்ற காயஸ் ஒக்டேவியஸ், அதாவது பேரரசர் அகஸ்டஸின் தந்தை, திரேஸின் உட்பகுதியில் அந்தத் தெய்வத்தின் தோப்பில் தன் மகனைப் பற்றி வாக்குக் கேட்டார் என்றும், பலிபீடத்தில் மதுவை ஊற்றியதும் தீ கோயில் கூரைக்கு மேல் எழுந்தது, அலெக்சாந்தருக்கு மட்டும்தான் முன்பு அப்படி நடந்தது என்று பூசாரிகள் சொன்னதாகவும் ஸ்வெட்டோனியஸ் எழுதுகிறார். சகுனக் கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஒரு தலம் எல்லோருக்கும் தெரிந்த தலமாக இருந்தது என்பதற்கு அது போதும். கி.மு. 29–28இல் ரோமானியத் தளபதி மார்க்கஸ் கிராஸஸ் அந்தத் தெய்வத்துக்குரிய நிலத்தைப் பெஸ்ஸியரிடமிருந்து பறித்து ரோமுக்கு நட்பான ஓட்ரைசியரிடம் கொடுத்தார். அது ஆறாத புண் ஆயிற்று. சுமார் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வோலோகேசஸ் என்ற பெஸ்ஸியர், அதே டயோனைசஸின் பூசாரி, குறிசொல்லி ஆட்களைத் திரட்டிக் கிளம்பினார். ஓட்ரைசிய இளவரசர் ரஸ்குபோரிஸைக் கொன்றார். அடுத்தவர் ரோமெட்டால்செஸின் படை சண்டை போடாமலே அவரை விட்டுப் போனது, அவர் கடற்கரைக்கு ஓடினார். ரோமானியத் தளபதி லூசியஸ் பிசோ மூன்று ஆண்டுகள் போரிட்டு, கி.மு. 11ஐ ஒட்டி அதை அடக்கினார். ஒரு நிலத்துண்டுக்காக இவ்வளவு ரத்தம் என்றால், அது அவர்களுக்கு வெறும் மேய்ச்சல் நிலம் இல்லை.

ஸ்ட்ராபோவின் இன்னொரு வரியைப் பல இணையதளங்கள் அப்படியே எடுத்துப் போடுகின்றன: கொள்ளையரே இவர்களைக் கொள்ளையர் என்பார்கள், குடிசைகளில் வாழும் இழிந்த வாழ்க்கை. உங்கள் வரைபடக் குறிப்பில் இதை மட்டும் எழுதினால் அநியாயமாகிவிடும். அது சாலையில் போகிறவனின் பார்வை. பெல்கிரேடிலிருந்து பைசாந்தியம் போகும் பெரும்பாதை சுக்கி கணவாய் வழியாக இவர்கள் நாட்டை ஊடுருவித்தான் போனது. மேலிருந்து அந்தப் பாதையைக் கண்காணிப்பவர்கள் கீழே போகிறவனுக்குக் கொள்ளையராகத்தான் தெரிவார்கள். அதே மக்களைப் பற்றி ராணுவ நூல் எழுதிய வெஜீஷியஸ், கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதைச் சொல்லும்போது, தங்கமும் வெள்ளியும் உழைத்துத் தேடும் பெஸ்ஸியரின் முறையில் என்று உவமை சொல்கிறார். கிறிஸ்தவக் கவிஞரான நோலாவின் பாலினஸ், தன் நண்பர் ரெமெசியானா ஆயர் நிகெட்டாஸைப் பாடும்போது, தங்கள் பனியைவிடக் கடினமான பெஸ்ஸியர், தங்கம் பொறுக்குவதில் தேர்ந்தவர்கள், இப்போது அந்த ஆயர் அவர்களையே தங்கமாக வெட்டி எடுக்கிறார் என்கிறார். அது கி.பி. 4ஆம் நூற்றாண்டின் முடிவு.

இனி எந்த நூற்றாண்டு என்ற விஷயம். கி.பி. 46இல் திரேஸ் ரோமானிய மாகாணமானபின் பெஸ்ஸியர் என்ற பெயர் மலையை விட்டு இறங்கி ஊர் சுற்றத் தொடங்கியது. இத்தாலியில் மிசேனம் கடற்படைத் தளத்தில் கிடைத்த கல்லறைக் கல்வெட்டுகளில் ‘பிறப்பால் பெஸ்ஸியன்’ என்று வருபவர்கள் ஏராளம். மலைக்காரர்கள் கப்பலில் என்ன செய்தார்கள் என்று வியக்க வேண்டாம், ரோமானியப் படை திரேசியர் பலருக்கும் அந்தப் பெயரைப் பொதுவாகவே எழுதிக்கொண்டது. கருங்கடல் ஓரம் தோமிஸுக்கு நாடுகடத்தப்பட்ட ரோமானியக் கவிஞர் ஓவிட், பெஸ்ஸியருக்கும் கெட்டியருக்கும் நடுவில் வாழும் துன்பத்தைப் புலம்புகிறார். அதை வைத்து அவர்கள் தாயகத்தை டான்யூப் முகத்துவாரத்துக்கு மாற்றிய வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. அந்தப் பக்கம் ஹிஸ்ட்ரியா அருகே ஒரு கிராமத்தில் ரோமானியக் குடிமக்களோடு சேர்ந்து பெஸ்ஸியர் வாழ்ந்ததை 2ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அவர்கள் குடியேறியவர்கள். கி.பி. 570ஐ ஒட்டி சினாய் மலைக்குப் போன பியாசென்சா யாத்திரிகர், அங்குள்ள மடத்தில் லத்தீன், கிரேக்கம், சிரியம், எகிப்தியத்தோடு பெஸ்ஸிய மொழியும் தெரிந்த தலைவர்கள் இருந்ததாகக் குறிக்கிறார். அது அந்த மலை மொழிதானா, பால்கனிலிருந்து வந்தவர்கள் பேசிய வேறு ஏதாவதா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஒரு வாக்கியம்கூட எழுத்தில் மிஞ்சாத மொழியைப் பற்றி யாராவது உறுதியாகப் பேசினால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஆகவே உங்கள் வரைபடம் ஸெர்க்ஸஸ் காலத்துக்கானது என்றால், மெஸ்டாவின் நடுப்பகுதியிலிருந்து மேற்கு ரோடோப் வரை ‘சாத்ரையர்’ என்று பெரிதாக எழுதி, அதன் வடபகுதியில் சின்ன எழுத்தில் ‘பெஸ்ஸியர்’ என்று எழுதுங்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டிலிருந்து அகஸ்டஸ் வரையான காலம் என்றால், பசார்ஜிக்குக்கு மேற்கே தொடங்கி மெஸ்டாவின் தலைப்பகுதி வரை வளைத்து ‘பெஸ்ஸியர்’ என்று எழுதலாம், கிழக்கு ஓரத்தைக் கோடு போடாமல் திறந்தே விடுங்கள். ரிலாவின் உச்சிகளில் எந்தப் பெயரும் எழுத வேண்டாம், துசிடிடீஸ் சொன்னது போல அது ஆளில்லாத மலையாகவே இருக்கட்டும். டயோனைசஸ் தலத்துக்குப் புள்ளி வைக்கவே கூடாது. வகுப்பில் கேட்பார்கள் என்றால், மேற்கு ரோடோப்பின் மேல் ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஹேமஸ், ரோடோப் என்ற இரண்டு மலைப் பெயர்களையும் எழுதும்போது இரண்டின் எழுத்துகளும் சுக்கி கணவாயில் வந்து முட்டும்படி எழுதினால், ஸ்ட்ராபோவையும் பிளினியையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் படத்தைப் பார்ப்பவர்களுக்குத் தடுமாற்றம் வராது.